தொடுதிரை மட்டும் போதாது, ஆசிரியருக்குப் பயிற்சியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான வகுப்புகளுக்குத் தொடுதிரை, பல்லூடக எறியி, மடிகணினி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. வரவேண்டியவைதான். ஆனால் அவற்றோடு ஆசிரியருக்குக் கிடைக்கிற பயிற்சி, கருவியைப் போடுவது, நிறுத்துவது, படத்தைப் பெரிதாக்குவது என்ற அளவில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கண் தெரியாத, காது கேளாத, கை நடுங்குகிற, சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை அந்தத் திரையிலிருந்து எப்படிப் படிக்கும் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கரும்பலகையில் எழுதும்போது ஆசிரியர் வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதுவார். பார்வை குறைந்த பிள்ளை அதைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளும். திரையில் படம் ஓடத் தொடங்கியதும் "இதைப் பாருங்கள்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கருவி கூடக் கூட அந்தப் பிள்ளைக்குப் பாடம் குறைகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போய், ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதையே அரசின் கடமையாக்குகிறது. ஆகவே இங்கே நாங்கள் கேட்பது சலுகை அல்ல. அந்தப் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஆசிரியர் தட்டச்சுச் செய்கிற கோப்பு. எங்கள் பகுதியில் வினாத்தாளும் குறிப்பும் இன்றுவரை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்படுகின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ அது ஆங்கில எழுத்து. பாமினியில் "ஒளி" என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எக்ஸ், எஸ், பி என்ற மூன்று எழுத்துகள். "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பார்வையற்ற பிள்ளையின் கணினியில் இருக்கும் திரைவாசிப்பு மென்பொருள் அதைத்தான் வாசிக்கும். ஒரு பக்கக் குறிப்பு முழுவதும் இப்படி ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுவதைக் கேட்ட பிள்ளை, கணினி தனக்குச் சரிவராது என்று ஒதுங்கிவிடும். பிழை கணினியிலும் இல்லை, பிள்ளையிலும் இல்லை. தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோட் முறையில் அடித்திருந்தால் அதே கணினி அதே பாடத்தைத் தமிழில் வாசித்திருக்கும்.

ஆசிரியர் விரல்களுக்குப் பாமினி பழகிவிட்டது. புதிய விசைப்பலகை படிக்க நேரம் இல்லை என்பது நியாயமான கவலை. அதற்கு வழி இருக்கிறது. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில் பாமினி அமைப்பையே தெரிவுசெய்யலாம். விரல் பழைய இடத்திலேயே போகும், எழுத்து யூனிகோட்டாக விழும். பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் மாற்றிகள் உண்டு. அங்கே கவனிக்க வேண்டிய பொறி ஒன்று: மாற்றி, உள்ளே இருக்கிற உண்மையான ஆங்கில எழுத்துகளையும் தமிழாக்கிவிடும். சென்ரிமீற்றரைக் குறிக்கும் சி, எம் இரண்டும் "உஅ" என்றும், கிலோகிராமின் கே, ஜி இரண்டும் "மப" என்றும் வந்து நிற்கும். விஞ்ஞானக் குறிப்பில் அலகு இல்லாத வரி குறைவு. அதனால் மாற்றிய பிறகு அலகுகளையும் இரசாயனச் சூத்திரங்களையும் மட்டும் ஒருமுறை ஓடிப் பார்த்துத் திருத்தியே ஆகவேண்டும். இந்தத் திருத்தத்தைப் பயிற்சியிலேயே ஒரு பக்கத்துக்காவது செய்யவைத்தால்தான் ஆசிரியருக்குக் கைவரும்.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப் இன்னொரு சுவர். அது வெறும் படம். திரைவாசிப்பான் அதில் ஒன்றும் வாசிக்காது. சோதிப்பது எளிது: ஒரு வரியைத் தெரிவுசெய்து பிரதியெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தெரிவுசெய்யவே முடியவில்லை என்றால் படம். ஒட்டியது ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. தமிழாகவே விழுந்தால் யூனிகோட். படமாக இருப்பதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாறி வரும். தெளிவான அச்சு என்றால் திருத்த வேலை குறைவு. சாய்ந்து எடுத்த கைப்பேசிப் படம் என்றால் மெய்யெழுத்துப் புள்ளிகள் பல பறந்திருக்கும்.

படங்களுக்கும் வரைபுகளுக்கும் மாற்று விவரணை, அதாவது திரைவாசிப்பான் வாசிக்கும் சொல் விளக்கம், எழுதுவது தனியே பழகவேண்டிய வேலை. பவர்பாயின்ட்டில் படத்தின் மேல் வலது சொடுக்கினால் அதற்கான பெட்டி வரும். அதில் "வேக வரைபு" என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. "கிடை அச்சில் நேரம், 0 முதல் 10 செக்கன் வரை. நிலைக்குத்து அச்சில் வேகம். கோடு 0இல் தொடங்கி நேராக ஏறி 6ஆம் செக்கனில் 12ஐ அடைகிறது; அதன்பின் கிடையாகப் போகிறது" என்று எழுதினால் பிள்ளை மனதில் கோடு விழும். "சீரான ஆர்முடுகல்" என்று எழுதிவிட்டால் கேள்விக்கு விடையையே கொடுத்தாயிற்று. மற்றப் பிள்ளைகள் வரைபைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதை இந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்க வேண்டும். இந்த எல்லையை உணர்வது விரிவுரையால் வராது. இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டு வரைந்து பார்த்தால்தான் எங்கே குறை, எங்கே மிகை என்று புலப்படும்.

சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் அதுவும் வாசிக்கப்படாது. கீழே ஒரு வரியில் "அழுத்த வேறுபாடு சமன் மின்னோட்டம் தர தடை" என்று சொல்லாக எழுதிவிட்டால் தீர்ந்தது.

பார்வை குறைந்த, ஆனால் அச்சு வாசிக்கக்கூடிய பிள்ளைக்கு 18 முதல் 24 பொயின்ட் அளவு எழுத்து வேண்டும். தமிழில் இது ஆங்கிலத்தைவிட முக்கியம். சிறிய எழுத்தில் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளி போனால் "ம்" "ம" ஆகிவிடும், சொல்லே மாறும். கடும் பின்னணியில் வெளிர் எழுத்தோ, வெள்ளையில் கறுப்போ போடலாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும் என்பது சர்வதேச இணைய அணுகல் நெறிமுறை. வானநீலத்தில் மஞ்சள் எழுத்து அதைத் தாண்டாது.

திரைவாசிப்பானுக்கு வருவோம். என்.வி.டி.ஏ. என்பது அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள். ஆசிரியர் அதைத் தன் கையால் பாவித்துப் பார்க்காமல் இந்தப் பயிற்சி நிறைவேறாது. பாடசாலைக் கணினியில் நிறுவுவதற்குக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலையத் தேவையில்லை. அதன் கருவிகள் பட்டியலில் நகர்த்தக்கூடிய பிரதி ஒன்றை உருவாக்கும் வசதி உண்டு, அதைப் பென் டிரைவில் போட்டு அங்கிருந்தே ஓட்டலாம். தொடங்கும்போது ஆங்கிலக் குரலில் பேசும். அதைக் கேட்டு "தமிழ் வராது" என்று மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்சேர்ட், கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஈஸ்பீக் குரலியந்திரத்தைத் தெரிவுசெய்து, பிறகு இன்சேர்ட், கன்ட்ரோல், வி அழுத்திக் குரல் பட்டியலில் தமிழை எடுக்க வேண்டும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். வேகத்தைக் குறைத்தால் காது பழகிவிடும். விண்டோஸில் தமிழ் மொழிப் பொதியை இறக்கினால் இன்னும் இயல்பான குரல் கிடைக்கும், ஆனால் அதற்கு இணையம் வேண்டும். இன்சேர்ட்டும் கீழ் அம்பும் தொடர்ந்து வாசிக்க, கன்ட்ரோல் நிறுத்த, இணையப் பக்கத்தில் எச் அடுத்த தலைப்புக்கு, ஜி அடுத்த படத்துக்கு; வேர்ட் கோப்பில் இன்சேர்ட்டும் ஸ்பேஸும் அழுத்திய பிறகு இவை வேலை செய்யும். முதல் நாளுக்கு இவ்வளவு போதும். இவற்றைச் சொல்லிக்கொடுத்த கையோடு மானிட்டரை அணைத்துவிட்டு, ஆசிரியர் தன் பாடக் கோப்பிலிருந்து ஒரு வினாவைக் கண்டுபிடித்து விடை எழுத வேண்டும். 20 நிமிடம் கொடுங்கள். தலைப்புக்குத் தலைப்புப் பாணி போடாமல் எழுத்தை மட்டும் பெருப்பித்து வைத்தவர்கள், எச் விசை ஏன் வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் கேட்பார்கள். ஓர் எச்சரிக்கை: ஒரே அறையில் ஆறு கணினிகள் ஒன்றாகப் பேசினால் எவருக்கும் ஒன்றும் விளங்காது. கணினிக்கு ஒரு காதணி கட்டாயம்.

பரிசோதனையைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்கவைக்கும் சிமுலேஷன்கள் விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் சிமுலேஷன்களை எங்கள் ஆசிரியர்கள் பலர் ஏற்கெனவே அறிவார்கள். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இணைப்பு எட்டாத பாடசாலையிலும் ஓடும். அவற்றுள் ஒரு பகுதியில் மட்டும் விசைப்பலகை இயக்கம், ஒலி, சொல் விவரணை ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன. எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்பி வகுப்புக்குப் போகக் கூடாது. சோதனை இதுதான்: மவுஸைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வையுங்கள். டாப் விசையை அழுத்திக்கொண்டே போங்கள். பாடத்துக்குத் தேவையான ஒவ்வொரு வழுக்கிக்கும் பொத்தானுக்கும் போக முடிகிறதா, அம்பு விசையால் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கை நடுங்கும் பிள்ளைக்கும் கண் தெரியாத பிள்ளைக்கும் அந்தச் சிமுலேஷன் பயன்படாது, வேறு தேடுங்கள்.

ஓமின் விதிச் சிமுலேஷன் தொடங்குவதற்கு நல்லது. திறக்கும்போது 4.5 வோல்ற்று, 500 ஓம், 9 மில்லியம்பியர். பார்க்கும் பிள்ளைகளுக்கு எழுத்துகள் பெருத்துச் சிறுப்பதில் தொடர்பு தெரியும். பார்க்காத பிள்ளைக்கு அந்தக் காட்சியால் பயனில்லை, எண்தான் வழி. ஆகவே செயலட்டை எண்ணைச் சுற்றி அமைய வேண்டும்: அழுத்தத்தை மாற்றாமல் தடையை 250 ஓமாக்கு, மின்னோட்டம் 18 மில்லியம்பியராகிறதா பார், 125 ஆக்கினால் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல். இந்தச் செயலட்டை கண் தெரியும் பிள்ளைகளுக்கும் வெறும் எழுத்துப் பெருப்பதைப் பார்ப்பதைவிடக் கூடக் கற்பிக்கிறது.

இனிச் செய்முறை. திரையில் நடப்பதை மட்டும் எளிதாக்கிவிட்டு, ஆய்வுகூடத்தில் அந்தப் பிள்ளையை ஓரமாக உட்காரவைத்தால் வேலை அரைவாசிதான். உணரியை ஒலியாக மாற்றும் ஒரு சிறு சுற்றை ஒவ்வொரு விஞ்ஞான ஆசிரியரும் தானே கட்டிப் பழகவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வேண்டியவை: ஆடுயினோ ஊனோ பலகை (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகை) ஒன்று, ஒளியுணர் தடையி ஒன்று, 10 கிலோ ஓம் தடையி ஒன்று, பீசோ ஒலிப்பான் ஒன்று, பற்றாசு வைக்காமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்ட், ஆறேழு இணைப்புக் கம்பிகள், யூ.எஸ்.பி. வடம். பலகையின் 5 வோல்ற்று முனையிலிருந்து ஒளியுணர் தடையிக்கு. அதன் மற்றக் காலை ஏ0 முனைக்கு. அதே இடத்திலிருந்து 10 கிலோ ஓம் தடையி வழியாகப் புவிமுனைக்கு. ஒலிப்பானை 8ஆம் முனைக்கும் புவிமுனைக்கும் இடையே இணையுங்கள். ஒளி கூடினால் ஒளியுணர் தடையியின் தடை குறையும், ஏ0இல் அழுத்தம் கூடும், பலகை அதை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தரும். நிரல் அந்த எண்ணை 200 முதல் 2000 ஹேர்ட்ஸ் வரையான சுருதியாக மாற்றும். ஒளி கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும்.

இதில் பிழைக்கும் இடங்கள் தெரிந்தவைதான். கடையில் ஒலிப்பான் கேட்டால் உள்ளேயே அலையம் (அலையை எழுப்பும் சுற்று) உள்ள வகையைத் தந்துவிடுவார்கள். அது ஒரே சுருதியில்தான் கத்தும். அலையம் இல்லாத வகை என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த பலகைகளில் யூ.எஸ்.பி. சில்லு வேறு, அதற்குரிய சி.எச்.340 இயக்கி மென்பொருளை முதலே நிறுவாவிட்டால் கணினி பலகையை அடையாளமே காணாது, பயிற்சியின் முதல் ஒரு மணித்தியாலம் அதிலேயே போய்விடும். நீளமான பிரெட்போர்ட் சிலவற்றில் ஓர மின்கோடு நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். ஒரு பாதியில் மின் இருக்கும், மறுபாதியில் இராது. யன்னலோரம் வைத்தால் வாசிப்பு 1000ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். அப்போது 10 கிலோ ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம் போடுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, முழு 1023ஐயும் சுருதியாக விரிப்பது. பரிசோதனையில் எண் 480க்கும் 620க்கும் இடையேதான் ஆடும் என்றால், அந்த இடைவெளியை மட்டும் 200 முதல் 2000 ஹேர்ட்ஸாக விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருதி மாற்றம் சிறிதாகி, கேட்டு முடிவு சொல்வது கடினமாகிவிடும். ஆகவே முதலில் ஆகக் குறைந்த, ஆகக் கூடிய வாசிப்பை எடுத்துக் குறித்துக்கொண்டு, பிறகு நிரலில் அந்த இரண்டு எண்களையும் இடுங்கள். அமுக்கினால் மட்டும் ஒலிக்கும்படி ஓர் ஆளியும் சேருங்கள், பக்கத்து மேசைக்காரர் வாழ்த்துவார்கள்.

கடலும் வாவியும் சூழ்ந்த எங்கள் ஊர்களில் உப்புக்காற்று இணைப்புக் கம்பியின் முனைகளை விரைவில் கறுக்கச் செய்துவிடும். பாவித்ததும் இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு எடுக்கும்போது சுற்று விட்டுவிட்டு ஒலிக்கும். நிரலில் பிழை தேடி நேரம் போகும்.

இந்தச் சுற்றைக்கொண்டு என்ன செய்யலாம்? வாவித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மாரி மழைக்குப் பிறகு ஆற்றில் எடுத்த தண்ணீர் மூன்றையும் ஒரே அளவுக் கண்ணாடிப் பாத்திரங்களில் எடுத்து, ஒரு பக்கம் எல்.ஈ.டி., மறுபக்கம் ஒளியுணர் தடையி வைத்துக் கலங்கலை ஒப்பிடலாம். உயர்தர இரசாயனவியலில் நியமிப்பும், அதாவது அமிலமும் காரமும் சமப்படும் முடிவுப்புள்ளியைக் காண்பதும், செய்யலாம். அதில் காட்டியாகச் சேர்க்கும் பினோத்தலீனின் இளஞ்சிவப்பு நிறம் பச்சை ஒளியை உறிஞ்சும்; ஒளியுணர் தடையியும் பச்சைக்குத்தான் நன்றாக உணரும். அதனால் வெள்ளை எல்.ஈ.டி.யைவிடப் பச்சை எல்.ஈ.டி. போட்டால் முடிவுப்புள்ளியில் சுருதி பளிச்சென்று மாறும். எல்.ஈ.டி.யோடு 220 ஓம் தடையி ஒன்றைத் தொடராக இணைக்க மறக்க வேண்டாம். 100 மில்லிலீற்றர் முகவையின் இரு பக்கமும், திரவ மட்டத்துக்குக் கீழே இரண்டும் நேருக்கு நேர் நிற்க, சுற்றிக் கறுப்பு மட்டை ஒன்றை வளையமாக வையுங்கள். ஒவ்வொரு முறை சேர்த்ததும் கண்ணாடிக் கோலால் கலக்கி, குமிழ்கள் அடங்க மூன்று செக்கன் பொறுத்துக் கேட்க வேண்டும். அளவியில் திரவத்தின் வளைந்த மேல்மட்டமான பிறையுருவைப் பார்க்க முடியாத பிள்ளை 10 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் சிரிஞ்சைப் பாவிக்கலாம். அதன் தண்டில் ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் கத்தியால் ஒரு வெட்டு, 5இல் இரட்டை வெட்டு, விரல் எண்ணிக்கொள்ளும். முடிவுப்புள்ளி நெருங்கும்போது துளித் துளியாக விட்டு எண்ணவேண்டும். 20 துளிகள் ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர்.

"அமிலத்தோடு கண் தெரியாத பிள்ளையா?" என்று அதிபர்கள் அஞ்சுவதைக் குறை சொல்ல மாட்டோம். அதற்கு விடை விலக்கிவைப்பதல்ல, ஒழுங்கு. விளிம்புள்ள பிளாஸ்ரிக் தட்டு ஒன்றுக்குள்ளேயே எல்லாம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் எப்போதும் அதே இடத்தில். திறந்த சுடருக்குப் பதில் மின்தட்டு. எல்லாருக்கும் கண்காப்பு, ஒருவருக்கு மட்டும் அல்ல. போத்தல்களில் பிரெய்ல் அல்லது தொட்டறியும் அடையாளம். துணைக்கு ஒரு மாணவர் நிற்கலாம், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது இந்தப் பிள்ளையாக இருக்க வேண்டும். வாசிப்பை எழுதிக்கொள்ளும் வேலையை மட்டும் வருடக்கணக்காக இவர்களுக்கே கொடுப்பது எங்கும் நடக்கிறது. அதை ஆசிரியர்தான் கவனித்து மாற்ற வேண்டும்.

தொட்டறியும் படங்களுக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. தடித்த கடதாசி, ரப்பர் விரிப்பு, தையல்காரர் பாவிக்கும் பல்சக்கரம் போதும். கடதாசியைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் உருட்டினால் முன்பக்கம் புள்ளிக்கோடு எழும். படத்தை இடம் வலம் மாற்றி வரையவேண்டும் என்பது முதல்முறை எல்லாருக்கும் மறந்துபோகும். நூல் ஒட்டுவதானால் சணல் நூல் நல்லது, தங்கூசியில் பசை பிடிக்காது. கோடுகளுக்கு இடையே குறைந்தது 3 மில்லிமீற்றர் விடுங்கள். பாடநூலிலுள்ள இதயப் படத்தை அப்படியே எழுப்பினால் விரலுக்கு ஒரே குழப்பம்தான். நான்கு அறைகள் ஒரு தாளில், குருதிக் கலன்கள் அடுத்த தாளில் என்று பிரித்துவிட வேண்டும்.

காது கேளாத பிள்ளைகளுக்குத் தொழினுட்ப வகுப்பு செய்கிற மிகப் பெரிய கெடுதி, விளக்கை அணைப்பது. எறியிப் படம் தெளிவாகத் தெரிய அறையை இருட்டாக்கியதும் ஆசிரியரின் உதடும், சைகை செய்பவரின் கையும் மறைந்துவிடுகின்றன. திரைக்கு மேலுள்ள விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, ஆசிரியர் நிற்கும் பக்கத்து விளக்கு எரியட்டும். அடுத்தது, அந்தப் பிள்ளைக்கு இரண்டு கண்கள்தான். திரையையும் சைகையையும் ஒரே வேளையில் பார்க்க முடியாது. முதலில் சொல்லுங்கள், நிறுத்துங்கள், பிறகு காணொளியை ஓட்டுங்கள், நிறுத்துங்கள், பிறகு பேசுங்கள். ஓடும்போதே பேசும் பழக்கத்தை விடுவது ஆசிரியருக்கு எல்லாவற்றையும்விடக் கடினம் என்பதால் பயிற்சியில் ஒலியை முற்றாக நிறுத்தி, சக ஆசிரியரின் பாடத்தைப் பார்த்து மூன்று வினாக்களுக்கு விடை எழுதவைக்க வேண்டும்.

கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும். பின்வரிசையில் வைத்த கைப்பேசி மின்விசிறியின் சத்தத்தைத்தான் கேட்கும். ஆசிரியரின் சட்டையில் சிறிய காலர் மைக் வேண்டும். வாங்கும்போது பிளக்கில் மூன்று வளையங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டே வளையம் உள்ளது கைப்பேசியில் வேலை செய்யாது. கலைச்சொற்களைச் செயலி தப்பாக எழுதும். அமைப்புகளில் தனிச்சொற்களைச் சேர்க்கும் இடத்தில் அந்தப் பாட அலகின் சொற்களை முன்கூட்டியே இட்டுவைத்தால் ஓரளவு திருந்தும். சைகை மொழியில் "அழுத்த வேறுபாடு", "பிரசாரணம்" போன்றவற்றுக்கு நிலைபெற்ற சைகை இல்லாத இடங்களில், அலகு தொடங்குமுன் விஞ்ஞான ஆசிரியரும் விசேட கல்வி அலகு ஆசிரியரும் பிள்ளைகளோடு அமர்ந்து உடன்பட்டு, கைப்பேசியில் பதிந்து வைக்க வேண்டும். வருடத்துக்கு வருடம் புதிதாகக் கண்டுபிடித்தால் பிள்ளைக்குத்தான் குழப்பம்.

உடல் இயக்கம் குறைந்த பிள்ளைக்குச் சில விண்டோஸ் வசதிகளைத் தெரிந்திருந்தால் போதும்: ஷிஃப்டை ஐந்து முறை அழுத்தினால் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தலாம், விண்டோஸ், கன்ட்ரோல், ஓ அழுத்தினால் திரையில் விசைப்பலகை வரும். நின்று வேலை செய்யும் ஆய்வுகூட மேசை ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் உயரம். சக்கர நாற்காலிக்கு 75 முதல் 80 வரை, கீழே முழங்காலுக்கு 70 சென்ரிமீற்றர் வெளி வேண்டும். தொடுதிரையைச் சுவரில் பூட்ட வரும்போதே 120 சென்ரிமீற்றருக்கு மேல் பொத்தான் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு யாரும் கழற்றமாட்டார்கள்.

நிறக்குருடு உள்ள ஆண் பிள்ளைகள் பல வகுப்புகளில் இருப்பார்கள், அவர்களுக்கே அது தெரியாமலும் இருக்கலாம். தடையியின் நிறவளையத்தை வாசிக்கச் சொல்லி மதிப்பெண் குறைப்பதற்கு முன் தடையை அளக்கும் பல்மானி ஒன்றைக் கையில் கொடுங்கள். வரைபில் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்பதற்குப் பதில் தொடர்கோடு, விட்டகோடு. செக்கனுக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் காணொளியை, வலிப்புள்ள பிள்ளை இருக்கக்கூடிய வகுப்பில் போடவே கூடாது.

இவ்வளவையும் ஒரு சனிக்கிழமைச் செயலமர்வில் முடிக்க முடியாது. இப்போது நடப்பவற்றில் காலை முழுவதும் இயலாமையின் வகைகளும் வரைவிலக்கணங்களும், மாலையில் சான்றிதழ். விசைப்பலகையைத் தொடாமலே ஆசிரியர் வீட்டுக்குப் போகிறார். நாங்கள் முன்வைப்பது ஐந்து அரைநாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம், இடையே இரண்டு கிழமை. ஒரு குழுவில் 12 பேர், அதாவது ஆறு பாடசாலைகளிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியரும் அதே பாடசாலையின் விசேட கல்வி அலகு ஆசிரியரும். தனித்தனியே அழைத்தால் ஒருவருக்குப் பாடம் தெரியும், மற்றவருக்குப் பிள்ளையைத் தெரியும். இருவரும் ஒரே மேசையில் இருந்தால்தான் வேலை நடக்கும். ஒவ்வோர் அரைநாளிலும் அவர்கள் தங்கள் சொந்தப் பாடக் கோப்பைக் கொண்டுவந்து திருத்த வேண்டும், அடுத்த அமர்வுக்குள் வகுப்பில் நடத்திப் பார்த்து, எங்கே தடைப்பட்டது என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். இறுதியில் வருகைப் பதிவுக்குச் சான்றிதழ் கொடுக்காமல், ஒவ்வொரு சோடியும் ஒப்படைக்கும் ஒரு பாடத்தைத் திரைவாசிப்பான் பாவிக்கும் ஒருவர் திறந்து பார்த்து ஏற்கவேண்டும். பார்வையற்ற, காது கேளாத பட்டதாரிகள் எங்கள் மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை வளவாளர்களாக, உரிய கொடுப்பனவோடு அழையுங்கள்.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு இதைத் தொடக்கத்திலேயே கொடுப்பது இன்னும் எளிது. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சிதான். அந்த வருடத்தில் மதிப்பிடப்படும் பாடத்திட்டங்களில் ஒன்றாவது யூனிகோட் கோப்பு, மாற்று விவரணை, மவுஸ் இல்லாத சோதனை மூன்றையும் கடந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி போதும். கற்பதற்கு ஆங்கிலத்தில் இலவசப் பொருள் நிறைய இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கிய டூ-இட் திட்டம் விஞ்ஞானப் பாடத்துக்கென்றே கைந்நூல்கள் வெளியிட்டிருக்கிறது.

பயிற்சி பெற்ற ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதும் எல்லாம் அவரோடு போய்விடுவதும் எங்களுக்குத் தெரிந்த கதை. எனவே திருத்திய கோப்புகள், தொட்டறியும் படங்களின் மாதிரிகள், உணரிச் சுற்றின் நிரல், சைகைக் காணொளிகள் யாவும் வலயத்தின் ஆசிரியர் மத்திய நிலையத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஒரு பாடசாலை ஓர் அலகை எடுத்துச் செய்தால், ஒரு வலயம் தரம் 10, 11 விஞ்ஞானம் முழுவதையும் பகிர்ந்து முடித்துவிடலாம். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து வலயங்களும் ஆளுக்கொரு பங்காக எடுத்தால் சுமை இன்னும் குறையும். வலயக் கல்விப் பணிப்பாளர்கள் அடுத்த தவணைப் பயிற்சித் திட்டத்தை வரையும்போது தரம் 10 மின்னியல் அலகை முதலில் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்த அலகில் சிமுலேஷனும் உண்டு, செய்முறையும் உண்டு, வரைபும் உண்டு. மேலே எழுதியவற்றில் பெரும்பகுதியை அதிலேயே செய்து பழகிவிடலாம்.

இவ்வண்ணம்,
விஞ்ஞானமும் விசேட கல்வியும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு.